நான் பூட்டுப் போட்ட வீடுகள்

பூட்டுக்காரனை நல்ல நாளில் யாரும் நினைப்பதில்லை. வீட்டில் களவு போன மறுநாள்தான் அவன் முகம் ஊருக்கு ஞாபகம் வரும். ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் எல்லா நாளும் அந்த மறுநாளாகவே இருந்தது. அரிசி, துணி, கோழி, கொடியில் காயப்போட்ட சட்டை என்று எதுவும் வைத்த இடத்தில் இருக்கவில்லை. நான் அதற்கு முன் ஒரு ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் அரம் பிடித்தவன். தோட்டத்தில் வேலை நின்றதும் மனைவி, மகளோடு மலாக்கா ஊரோரம் காஜா பெராங்கில் குடியேறி, பழைய பூட்டுகளைச் சரிசெய்து வீடுகளில் மாட்டிக் கொடுக்கத் தொடங்கினேன். பூட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல இத்தனை கதை இருந்திருக்காது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்ற சந்தேகத்தில் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதவைத் தாங்கிய பூட்டு

முதல் வாடிக்கைக்காரர், பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்த கம்பத்தில், அதாவது கிராமத்தில், தனியாக இருந்த ஓர் அம்மா. பீபி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்தச் செட்டிகளுக்குச் சாமி நம் சாமி, வீட்டில் பேச்சு மட்டும் மலாய். அவரிடம் ஒரு பெட்டி நிறைய சாரோங் இருந்தது. ஊரே சாக்குத் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்த நாளில் அது ஒரு பெட்டித் தங்கம். நானும் விடவில்லை. என் கைவசம் இருந்ததிலேயே கனமான பூட்டை எடுத்து, நாதாங்கியை நான்கு நீளத் திருகாணி போட்டு முறுக்கி, "யானை வந்தாலும் அசையாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் காலை பீபி ஆள் அனுப்பினார். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. கீல்களும் வெளியேதான் இருந்தன. நான் பூட்டுப் பக்கத்தை மட்டுமே பார்த்தேன், திருடன் மறுபக்கத்தைப் பார்த்திருக்கிறான். கீல்களைக் கழற்றிவிட்டான். கதவு முழுக்க என் பூட்டு ஒன்றில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெட்டி காலி. நான் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன். பீபி தன் மலாயில் நிதானமாகச் சொன்னார். தமிழில் சொன்னால் அது இதுதான்: "உன் பூட்டைக் குறை சொல்லமாட்டேன் தம்பி, கதவையே விழாமத் தாங்கிப் பிடிச்சிருக்கு."

தகர டின் காவல்

காதர் நானாவுக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை. விற்கத் துணி இல்லாமல் கடையைச் சாத்திவிட்டு, எங்கள் பக்கத்து வீட்டில் நான்கு கோழிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த முட்டைகள்தான் அவர் வீட்டுக் குழந்தைகளுக்குச் சத்து. கோழிக்கூட்டுக்குப் பூட்டு கேட்டார். பூட்டுக்கு இரும்பு இல்லை என்று, நான் மூளையைச் செலவழித்தேன். வேலியோரம் கம்பி இழுத்து, அதில் காலிப் பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டேன். எவன் கால் வைத்தாலும் தெருவே விழித்துக்கொள்ளும்.

கட்டி முடித்த மத்தியானம், வேலைப்பாட்டை நானாவுக்குக் காட்டுகிறேன் என்று கம்பியைப் பிடித்து ஓர் இழு இழுத்தேன். டின்கள் அடித்த கூத்தில் தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு ஜப்பான் சிப்பாய்கள் துப்பாக்கியோடு உள்ளே பாய்ந்தார்கள். யாருக்கோ சைகை கொடுக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள். கன்னத்தில் விழுந்த அறையில் எனக்கு மலாயும் மறந்தது, தமிழும் மறந்தது. உயிர் பிழைத்தால் போதுமென்று நடித்துக் காட்டினேன். திருடனைப்போலப் பதுங்கி நடந்தேன். கோழியைப்போல இரண்டு கையையும் அடித்துக்கொண்டேன். கடைசியில் கூட்டையும் சுட்டிக்காட்டினேன். சிப்பாய்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நான்கு கோழிகளையும் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் தெருமுனையைத் தாண்டும் வரை பொறுத்திருந்த நானா மெல்லச் சொன்னார்: "திருடன் வந்தா நமக்குச் சொல்லும்னீங்க தம்பி, இது நாம இருக்கிற இடத்தைத் திருடனுக்குல்ல சொல்லுது!"

அடுப்புக்கு அடியில்

பூட்டு மாட்டப் போகும் வீட்டிலெல்லாம் இலவசமாக ஒரு யோசனையும் சொல்வேன். அரிசியைப் பானையில் வைக்காதீர்கள். அடுப்புக்கு அடியில் குழி தோண்டி, டின்னில் போட்டுப் புதைத்து, மேலே கல்லும் சாம்பலும் போட்டுவிடுங்கள், எந்தத் திருடனுக்கும் அந்தப் புத்தி வராது என்பேன். கேட்டவர்கள் தலையாட்டும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பங்கீட்டில் கிடைத்ததில் பிடி பிடியாக மனைவி மிச்சம் பிடித்த அரிசி.

மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து வாங்க அவளைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம். திரும்பி வந்து கஞ்சி வைக்கலாம் என்று பார்த்தால், சாம்பல் ஒரு மூலையில் சுத்தமாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தது. கல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. டின்னில் ஒரு மணி இல்லை. வீட்டில் வேறெதையும் திருடன் தொடவில்லை, தேடவே இல்லை. மரவள்ளிக்கிழங்கை மசித்துக் கரைத்துக் கொடுத்தோம். அவள் எழுந்து உட்கார ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் அவள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. மனைவி சண்டை போட்டிருந்தால் தேவலை. கிழங்கை மசித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்: "ஊர் பூரா சொல்லிட்டு வந்தீங்க, அவனுக்கு மட்டும் தனியா வேற சொல்லணுமா?"

கீறல் விழாத பூட்டு

ஒருநாள் காலை, காலில் தோல் சப்பாத்தும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒருவர் வந்தார். புக்கிட் பாருவில் தன் வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டாராம். உள்ளே தையல் மிஷின் இருக்கிறது, அவசரமாக எடுத்துப்போக வேண்டுமாம். அந்த நாளில் சப்பாத்துப் போட்டவரைச் சந்தேகப்படத் தோன்றாது. கூடவே போய், ஒரு வளைந்த கம்பியால் கண்மூடித் திறப்பதற்குள் பூட்டைத் திறந்தேன். "உங்க கைக்கு மோதிரம் போடணும்" என்றார். அந்த மகிழ்ச்சியில் மிஷினை அவர் தள்ளுவண்டியில் நானே தூக்கி வைத்தேன். பூட்டைத் திரும்பப் பூட்டியும் கொடுத்தேன்.

அன்று மாலை ஆறுமுகம் என்ற தையல்காரர் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. சாக்கில் கால்சட்டை தைத்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளுக்குக் கிழங்கு போடுகிறவர். "பிள்ளைகளோட கிழங்கு வாங்கப் போன நேரத்துல மிஷின் போயிருச்சு அண்ணே. பூட்டு உடையலை, ஒரு கீறல்கூட இல்லை. கைதேர்ந்தவன் வேலை" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் வீடு எங்கே என்று கேட்டேன். புக்கிட் பாரு என்றார்.

மறைக்க நினைத்தேன், வாய் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். களவுக்குத் தலையை வெட்டி, நாலு பேர் பார்க்க வைத்துவிடுவார்கள் என்று ஊர் நடுங்கிய காலம். அவர் போலீசுக்குப் போனால் நானும் திருடன்தான். ஆறுமுகம் என் கையைப் பிடித்துத் தூக்கினார். "போலீசுக்குப் போனா உங்க தலை போகும், மிஷின் வராது. எந்திரிங்க, தேடுவோம்" என்றார்.

மூன்று நாள் நடந்தோம். மூன்றாம் நாள் புக்கிட் ரம்பாயில் ஒரு மலாய்க்காரர் வீட்டுக்குள்ளிருந்து தையல் சத்தம் கேட்டது. "என் மிஷின்தான், ஓட்டத்துல ஒரு திக்கல் இருக்கும்" என்று ஆறுமுகம் அங்கேயே அழுதுவிட்டார். சப்பாத்துக்காரரிடம் ஓர் ஆட்டைக் கொடுத்து வாங்கியிருக்கிறார் அந்த வீட்டுக்காரர், அவர்மேல் தப்பில்லை. நான் வீட்டுக்கு ஓடிப்போய் என் சைக்கிளைக் கொண்டுவந்து அவர் கொடுத்த ஆட்டுக்கு ஈடாகக் கொடுத்தேன். மனுஷர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மிஷினை ஆளுக்குக் கொஞ்சதூரம் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு புக்கிட் பாரு வந்து சேர்ந்தோம். கூலி வேண்டாம், புதுப் பூட்டு ஒன்று நானே போட்டுத் தருகிறேன் என்றேன். ஆறுமுகம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போடுங்க அண்ணே, ஆனா உங்களால திறக்க முடியாத பூட்டாப் பார்த்துப் போடுங்க."

ஜப்பான்காரன் போகும் வரை அந்தத் தொழிலைத்தான் செய்தேன். என் பூட்டை நம்பி யாராவது நிம்மதியாக இருந்தார்கள் என்றால், அது அவர்கள் வீட்டில் திருட எதுவும் மிச்சமில்லாமல் போன பிறகுதான்.