ஐம்பது நிமிடம் பறக்கும் தூரம்

சேலம் முதல் தூத்துக்குடி வரை வான்வழித் தூரம் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஐம்பது நிமிடம். கைப்பேசித் திரையில் அன்று படித்த அந்த வரி இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் குட்டி விமானப் படம் வேறு. அதை வரைந்தவரை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

டில்லி முனிர்காவில் எங்களுக்கு மேல்மாடியில் சிஸ்டர் குடியிருந்தார். தூத்துக்குடிக்காரர், மருத்துவமனை நர்ஸ். இப்போது அயர்லாந்தில் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாருக்கு டிக்கெட் வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். எனக்கு அதில் எந்தத் தகுதியும் கிடையாது. பதறாதவன் போல நடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஒரு மே மாத மதியம் சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். "அண்ணே, அம்மா போயிட்டாவ. நாளைக்கு அஞ்சு மணிக்கு அடக்கம். பெட்டிய மூடுறதுக்குள்ள மொகத்தப் பாத்திரணும்."

தூத்துக்குடிக்கும் இடமில்லை, மதுரைக்கும் இல்லை. பெங்களூர் வழியாகச் சேலத்துக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. டில்லியில் பிறந்து வளர்ந்த எனக்குத் தமிழ்நாடு என்பது உள்ளங்கை அகல வரைபடம். அங்கிருந்து ஐம்பது நிமிடம் என்று திரை சொன்னதும் வாங்கிவிட்டேன். அடுத்த விமானத்துக்கு டிக்கெட் எங்கும் அகப்படவில்லை. சின்ன ஊர், மினி பஸ் மாதிரி அங்கேயே சீட்டுக் கொடுப்பார்கள் என்று நானே முடிவுகட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டரைக்குச் சேலத்திலிருந்து சிஸ்டர் பேசினார். "அண்ணே, இங்கேருந்து தூத்துக்குடிக்குப் பிளைட்டே கிடையாதாம். கவுன்டர்ல சிரிக்காங்க."

என் மனைவி கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். "ரெண்டு ஊருக்கும் நடுவுல கோடு போட்டு, வேகத்தால வகுத்துப் போட்டிருக்கான். பிளைட் இருக்குன்னு எங்க எழுதியிருக்கு? காட்டுங்க."

எங்கும் எழுதியிருக்கவில்லை.

சிஸ்டர் டாக்சி பிடித்தார். சாலையில் ஆறு மணி நேரம். நான் கால் மணிக்கொரு தரம் கூப்பிட்டேன். ஒருமுறை டிரைவரிடம் கொடுக்கச் சொல்லி, "பையா, ஜல்தி, ஜல்தி" என்று இந்தியில் கத்தினேன். அவர் தமிழர் என்பதே மறந்துவிட்டது. "சார், நீங்க போனை வச்சாக் கொஞ்சம் வேகமாப் போவேன்" என்றார்.

அடுத்து சிஸ்டரின் தம்பியைப் பிடித்தேன். "போதகர் அஞ்சு மணிக்கு ஜெபத்த முடிச்சிருவாரு. கல்லறைத் தோட்டத்துல பெட்டிய மூடாமக் காத்திருக்கோம். இருட்டிட்டா ஒண்ணும் செய்ய முடியாது சார்."

இருட்ட இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். டில்லியில் சுள்ளென்று வெயில். தூத்துக்குடியில் ஆறரைக்கே பொழுது சாய்ந்துவிடும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டேன். ஊரையே சிரிக்கவைக்கிறவன் என்று பெயர். அன்று என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

ஆறே முக்காலுக்குச் சிஸ்டர் கூப்பிட்டார். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

"பாத்துட்டேன் அண்ணே. தம்பி டார்ச் அடிச்சுக் காட்டுனான். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.