கன்னத்தில் வைத்துப் பார்த்த கிட்டார்

"எனக்கு ஒரு கிட்டார் வேணும்டா" என்று அக்கா சொன்னபோது நான் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு வேலைக்கு நேர்காணல் இருந்தது. டி.வி.யில் ஏதோ விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று நினைத்து நான் நிமிரவில்லை. பிறகுதான் கவனித்தேன், டி.வி. அணைந்திருந்தது.

"எதுக்கு?"

"சும்மாதான்."

தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

ஒரு வருஷமாக அக்கா வாயிலிருந்து 'வேணும்' என்ற சொல் வரவே இல்லை என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அவளுடைய கணவர், போன வருஷம் ஒரு காலையில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர், நிமிரவில்லை. யார் மேலும் இடிக்காமல், இண்டிகேட்டர் போட்டு ஒழுங்காக ஒதுங்கி நிறுத்தியிருந்தாராம். அந்த இண்டிகேட்டரைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் அழுதார்கள். அக்கா அழவில்லை. எல்லாம் முடிந்த கையோடு வேலைக்குப் போனாள். சொந்தக்காரர்கள் முதலில் தைரியசாலி என்றார்கள். சில மாதங்கள் போனதும் கல்நெஞ்சக்காரி என்றார்கள். இரண்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

என்ன சமைக்கட்டும் என்று கேட்டால் "எதையாவது செய்." போர்வை என்ன நிறத்தில் வாங்கட்டும் என்றால் "எதுனாலும் சரி." பசிக்கிறதா, குளிர்கிறதா, தலை வலிக்கிறதா, எதைக் கேட்டாலும் தோளை ஒரு தூக்குத் தூக்கி இறக்குவாள். அப்படிப்பட்டவள் கிட்டார் கேட்கிறாள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. தப்பான ஒன்றை வாங்கிக் கொடுத்து, அது கையில் நிற்காமல் போனால், அவள் கோபப்படக்கூட மாட்டாள். "சரி, விடு" என்பாள். அதன்பிறகு எதையுமே கேட்க மாட்டாள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனால் இரும்புக்கட்டில் வாங்குவதிலிருந்து பல் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது வரை "நீதான் படிச்சவனாச்சே, பாத்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டுவார்கள். நான் படித்தது பொருளாதாரம். இருந்தாலும் உட்கார்ந்து தேடினேன். ஒரு மிக்ஸி விலைக்கு மேல் போகக் கூடாது என்பது அக்கா போட்ட ஒரே நிபந்தனை. விலை குறைந்த கிட்டார்களைப் பற்றி இணையத்தில் பேசுகிறவர்கள் வேறு ஏதோ உலகத்தில் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய குறைந்த விலை எங்கள் வாடகையைத் தாண்டியது. ஆனாலும் சில விஷயங்கள் புரிந்தன. இரும்புக் கம்பி கட்டிய கிட்டார் ஒரு வகை, நைலான் நரம்பு கட்டிய கிளாசிக்கல் கிட்டார் இன்னொரு வகை. நைலான் விரலுக்கு மென்மை, சத்தமும் மென்மை. கழுத்து அகலமாக இருக்கும், நரம்புகளுக்கு நடுவே விரலுக்கு இடம் இருக்கும். முகப்பு ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரமாக இருந்தால் நாளாக ஆகச் சத்தம் தேறிக்கொண்டே போகும். முழு மரம்தான் வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்தபின் என்னை நானே கேட்டுக்கொண்டேன்: ஒரு கிட்டாரையாவது தொட்டிருக்கிறாயா? இல்லை.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் இரண்டு பேர் விடுவார்கள், மறுபக்கம் இரண்டு பேர் இழுத்து மடிப்பார்கள். அக்கா மடிக்கும் பக்கம். விரிப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று அங்கே யாரும் கையால் பார்ப்பதில்லை. சூட்டைத் தொட்டுத் தொட்டு உள்ளங்கையும் விரலின் சதைப் பக்கமும் தடித்துப்போய், அவற்றுக்கு ஈரமும் தெரியாது, சூடும் தெரியாது. அதனால் விரிப்பின் ஓரத்தைச் சட்டென்று கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார்கள். ஒரு இழை ஈரத்தோடு மடித்து அடுக்கிவிட்டால் மொத்த அடுக்கும் பூசணம் பிடித்துவிடும். அங்கே வேலை செய்பவர்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான், ஈரம்.

கிட்டார் கடை, கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடைக்காரர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு? தம்பிக்கா?"

"எனக்குத்தான்" என்றாள் அக்கா.

அவர் மூடியை வாயிலிருந்து எடுத்தார். "இதுக்கு முன்னாடி வாசிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"பாடுவீங்களா?"

"இல்ல."

"சரிதான். அப்ப கெட்ட பழக்கம் எதுவும் இருக்காது."

எங்கள் விலைக்குள் வருகிற மூன்றை இறக்கி வைத்தார். ஒவ்வொன்றின் கழுத்தையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்து, வளைவு இல்லை என்று காட்டினார். குறுக்கே பதித்திருந்த உலோகப் பட்டைகளின் மேல் நரம்பை ஒவ்வொரு இடமாக அழுத்தி மீட்டி, எங்காவது இரைகிறதா என்று கேட்கச் சொன்னார். பிறகு முதல் கிட்டாரை அக்காவிடம் நீட்டினார்.

"கழுத்து ஓரமா கையை ஓட்டிப் பாருங்க. பட்டை குத்துதா?"

அக்கா ஓட்டினாள். "தெரியல."

நான் ஓட்டிப் பார்த்தேன். என் விரலில் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. கடைக்காரர் என் விரலையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்தக் கிட்டாரை மறுபடி சுவரில் மாட்டினார்.

மீதி இரண்டில் ஒன்று முழு மரம். நான் மனதில் குறித்து வைத்திருந்தது. விலையில் கொஞ்சம் முட்டியது, பரவாயில்லை. "இதுதாங்க்கா" என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரிடம், "நீங்க தட்டுங்க" என்றாள். அவர் நரம்பைத் தட்டினார். அக்கா குனிந்து கிட்டாரின் விலாப்பக்கத்தில் இடது கன்னத்தை வைத்தாள். கண்ணை மூடவெல்லாம் இல்லை. எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறி ஸ்விட்சைப் பார்த்தபடி நின்றாள்.

"இது கன்னத்தோட நின்னுடுது. அடுத்தத தட்டுங்க."

அடுத்தது ஒட்டுப்பலகை. தலைப்பக்கம் வார்னிஷ் கொஞ்சம் பெயர்ந்திருந்தது. மறுபடி கன்னம். இந்த முறை கொஞ்சம் அதிக நேரம்.

"இது உள்ள வருது" என்றாள்.

"அக்கா, அது ஒட்டுப்பலகை. அந்த இன்னொண்ணு நாளாக நாளாக நல்லா ஆகும்."

"நாளாக நாளாக யாருடா இருக்கப் போறா."

வெங்காயம் அழுகியிருக்கிறது என்பதைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். கடைக்காரர் பில் புத்தகத்தைத் தேடுவதுபோல் கீழே குனிந்துகொண்டார். நிமிர்ந்தபோது, "ஈரம் ஆகாது, சூடு ஆகாது, பாத்துக்கங்க. முதல்ல விரல் வலிக்கும். முக்காவாசிப் பேர் அங்கதான் விட்டுட்டு ஓடுவாங்க" என்றார்.

"எனக்கு வலிக்காது" என்றாள் அக்கா.

வலிக்கவும் இல்லை. வேலை முடிந்து வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் போனில் ஒரு பாடத்தை ஓடவிட்டு, விரலைப் படுக்க வைத்து நரம்பை அழுத்துவாள். தடித்த சதைக்கு அடியில் நரம்பு பாதி அமுங்கி, பாதி இரையும். அவளுக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை. சிரிக்கவோ சலித்துக்கொள்ளவோ இல்லை. விரிப்பு மடிப்பதுபோல் வாசித்தாள். புது நைலான் நரம்பு முதலில் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும், சுருதி இறங்கும் என்று படித்திருந்தேன்; இருந்தாலும் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தப்பானதை வாங்கிவிட்டோமோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் நரம்பை இறுக்கும் முறுக்காணியைத் திருகிக்கொண்டாள்.

ஒருநாள் கேட்டேன். "எதுக்குக்கா உண்மையா கிட்டார்?"

"யாராவது பேசினா பதில் சொல்ல வேண்டியிருக்கு. இது பேசினா சொல்ல வேண்டாம்."

அந்தப் பதிலை நான் பல நாள் வைத்துப் புரட்டினேன். படித்தவன் புத்தி, எதற்கும் ஒரு காரணம் கிடைத்தால்தான் தூங்கும். கிடைத்த காரணத்தில் நானும் அடங்குகிறேன் என்பது அப்புறம்தான் புரிந்தது. நானும்தானே பேசுகிறவன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுச் சுவர் மழை வந்தால் வியர்க்கும். அலமாரிக்குப் பின்னால் பச்சை படர்ந்தது. இதைக் கேட்டதும் சலவைக்கூடத்தில் அக்காவோடு மடிக்கும் பெண்மணி குதித்தார். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அணைக்க பட்டன் கிடையாது.

"ஐயையோ, ஈரம் பட்டா மரம் போச்சு! இங்க கொண்டா. நம்ம துணி அடுக்கற ரூம்ல வைப்போம். அங்க ஒரு கொசுகூட ஈரமா பறக்காது."

உண்மைதான். அந்த அறை வழியாக நீராவிக் குழாய் போகிறது. அப்பளம் போல் காய்ந்த அறை. கடைக்காரர் இரண்டு எதிரிகளைச் சொல்லியிருந்தார். அக்கா காதில் விழுந்தது ஒன்று. அவர்கள் வேலையில் சூடு என்பது நல்லவன். அவன் வந்தால் எல்லாம் சரியாகும். நானும் அவள் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழாய்க்கு நேர் மேலே இருந்த தட்டில், வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே, ஒரு தலையணை உறையும் போர்த்தி வைத்தார்கள். மதிய இடைவேளையில் அக்கா அங்கேயே வாசித்தாளாம்.

மழை விட்ட வாரத்தில் அவள் கிட்டாரை வீட்டுக்குத் தூக்கிவந்தாள். நரம்புகளைக் கீழே கட்டியிருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்பார்கள், பின்பக்கம் பலகையை விட்டு வாய் பிளந்திருந்தது. சூட்டில் பசை இளகி, நரம்புகளின் இழுப்பில் மெல்ல மெல்லப் பெயர்ந்திருக்கிறது. என் நகம் உள்ளே போனது.

"கடைக்கு எடுத்துட்டுப் போலாம்க்கா. ஒட்டித் தருவாங்க."

"சரி, விடு" என்றாள்.

நான் பயந்த அதே சொல், அதே குரலில். கிட்டாரை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டு அரிசி களையப் போனாள். அடுத்த நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த நாளும். நானே கடைக்குத் தூக்கிப் போயிருக்கலாம். போகவில்லை. அது என் ஆசையாகிவிடும் என்று தோன்றியது. வீட்டில் இரண்டு பேர் சாப்பிட்டோம், இரண்டு தட்டு கழுவினோம். சத்தம் என்றால் அவ்வளவுதான்.

வார இறுதிக்கு முன் ஒரு சாயங்காலம் ரேடியோ வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தேன். முகமெல்லாம் சிவந்திருந்தது. அக்கா இன்னும் வந்திருக்கவில்லை.

"உங்க அக்கா என்னத் திட்டிட்டா!"

"அக்காவா? எதுக்குங்க?"

"உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்னா. என் கிட்டாரைக் கொண்டுபோய் அடுப்புல வெக்கச் சொன்னியேடி பாவின்னா. உருளை ஓடிட்டு இருக்கு, அந்தச் சத்தத்துக்கு மேல கத்தறா. சூப்பர்வைசர் ஓடி வந்து மெஷினையே நிறுத்திட்டாரு, யாருக்கோ கை மாட்டிக்கிச்சுன்னு!"

"மன்னிச்சுக்கங்க, அவ இப்படியெல்லாம்…"

"அட, மன்னிப்பு கிடக்குது!" ரேடியோ முந்தானையால் மூக்கைத் துடைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "ஒரு வருஷமா பக்கத்துல நிக்கறேன், செவுத்துகிட்ட பேசற மாதிரி. இன்னிக்கு 'பாவி'ன்னா. இன்னும் ரெண்டு வார்த்தை சொன்னா, அது உன் வயசுக்கு வேண்டாம்." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

அக்கா வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. "கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டாள்.

கடைக்காரர் பிளவுக்குள் பார்த்தார். "எங்க வெச்சீங்க, அடுப்புலயா?"

"ஈரம் படாம பாத்துக்கிட்டோம்" என்றாள் அக்கா.

"சூடும் ஆகாதுன்னு சொன்னேனேம்மா."

"அது நீங்க மெதுவா சொன்னீங்க."

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசை வைத்து, இறுக்கிக் கவ்வி போட்டு வைக்க வேண்டும் என்றார். முழுதாகக் காயும்வரை அவசரப்படுத்தக் கூடாது. திரும்ப வாங்கப் போனபோது அக்காவிடம் கொடுத்து, வாசித்துக் காட்டச் சொன்னார். அவள் விரலைப் படுக்கவைத்து அழுத்தினாள். நரம்பு இரைந்தது. "கிட்டார் மேல தப்பில்ல. விரலை நிக்க வெச்சு, நுனியால அமுக்குங்க. நகத்துக்குப் பக்கத்துல" என்றார். அவள் நிற்க வைத்தாள். சத்தம் சுத்தமாக வந்தது. அக்கா விரலை எடுத்து, நுனியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் அப்படியே வாசித்தாள், விரலை நிறுத்தி. விரிப்பு மடிக்கும்போது நுனி விரலுக்கு வேலை இல்லை. அங்கே தோல் தடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் இன்னொரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது வாசிப்பு பாதியில் நின்றது. திரும்பினேன். இடது கை விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். நுனிகளில் நரம்பு பதிந்த சிவப்புக் கோடுகள்.

"வலிக்குதுடா" என்றாள். புகார்போல் இல்லை. தகவல் சொல்வதுபோலும் இல்லை.

"கொஞ்ச நேரம் நிறுத்தலாமேக்கா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்று கிட்டாரை மடியில் இழுத்துக்கொண்டாள். "பேச்சுக் குடுக்காத, எந்த விரல்னு மறந்துபோகுது."

நான் விண்ணப்பத்துக்குத் திரும்பினேன். பின்னால் அதே மூன்று சுரங்கள். நடுவில் ஒன்று தப்பியது. "ச்சே" என்றாள் அக்கா. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.