தம்பி கட்டிய நீராவிப் படகு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் மேல் ஒரு படகு இருக்கிறது. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம் நீளம். வெளிப்பக்கம் நீலம், உள்ளே சிவப்பு. நடுவில் செம்பில் செய்த சின்ன பாய்லர், அதையொட்டி தீப்பெட்டி அளவில் ஒரு எஞ்சின், பின்னால் ஒரு புகைபோக்கி. வீட்டுக்கு வருகிறவர்கள் பொம்மை என்று நினைத்துக் கையை நீட்டுவார்கள். நான் உடனே "தொடாதீங்க" என்று சொல்லிவிடுவேன். அதில் இப்போது தண்ணீரும் இல்லை நெருப்பும் இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொள்கிறது. ஃபிரிட்ஜின் கதவைக்கூட மெதுவாகத்தான் இழுப்பேன். என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, "அது இன்னா வெடிகுண்டா மே?" என்று கேலி செய்வார். அந்தப் படகு விஷயத்தில் கேலி செய்ய அவருக்குக் கொஞ்சமும் உரிமை கிடையாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

படகைக் கட்டியவன் என் தம்பி. எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தொழிற்சாலை, அங்கே பாய்லர் பார்க்கிற வேலை. பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி அந்த வேலைக்குப் போனவன். அம்மா போன பிறகு அவன் எங்களோடுதான் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளி. குக்கர் விசில் அடித்தால்கூட ஒரு எட்டு பின்னால் போய்விடுவேன். அவன் அதற்கு நேர்மாறு. வீட்டைப் போல மூன்று மடங்கு பெரிய பாய்லரின் பக்கத்தில் நின்று டீ குடிப்பவன் என்று அவனுடைய சிநேகிதர்கள் சொல்வார்கள். அவர்கள் அதைச் சொல்ல ஆரம்பித்தாலே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் அந்த பாய்லரில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்தது. அந்தத் தொழிலில் எப்போதாவது நடப்பதுதானாம். குழாய்க்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் திருகுகள் உண்டு. அவற்றை உடனே மூடினால் சீறி வருகிற நீராவி நின்றுவிடும். தம்பிக்கு அது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். கூட இருந்த உதவியாளர்தான் கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு போய் மூடினார். அவருக்கு முன்கை வெந்துபோயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை, புண்ணும் ஆறி அவர் வேலைக்கு வந்துவிட்டார். வந்தவர் தம்பியைக் குறை சொல்லவும் இல்லை. தம்பியால்தான் அதற்குப் பிறகு பாய்லர் அறை வாசலைத் தாண்ட முடியவில்லை. "கால் நவுரலக்கா. நவுரு நவுருன்னு சொல்றேன், நவுரவே இல்ல" என்று அன்று என்னிடம் சொன்னான்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். தம்பியைக் கொஞ்ச நாளைக்கு ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். ஆனால் தீபாவளி வரைக்கும்தான் அவனுடைய இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியும், அதற்குள் பாய்லருக்குத் திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டார். தம்பி ஸ்டோரில் நட்டையும் போல்ட்டையும் பிரித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான். எனக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. அவன் அந்த பாய்லருக்குத் திரும்பக் கூடாது என்று ஒரு மனம் சொல்லும். திரும்பாவிட்டால் இப்படியே தலை குனிந்த ஆளாகிப்போவானே என்று இன்னொரு மனம் அடித்துக்கொள்ளும்.

அப்படி இருக்கும்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு வந்து என்னிடம் காட்டினான். எங்கேயோ ஒரு வெளிநாட்டு ஏரியில், ஒரு பெரியவர் கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு குட்டி நீராவிப் படகு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். "நெசமாவே தண்ணி கொதிச்சு, நெசமாவே ஆவில ஓடுதுக்கா. இத்துனூண்டு பாய்லரு. இதுகிட்டயாவது நிக்க முடியுதான்னு பாக்கறேன்" என்றான். பல நாட்களுக்குப் பிறகு அவன் முகத்தை நிமிர்த்திப் பேசியதால் நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் இத்துனூண்டாக இருந்தாலும் அதுவும் பாய்லர்தானே என்பது உறைத்தது.

மொட்டை மாடி அவனுடைய பட்டறை ஆயிற்று. காசிமேட்டில் ஃபைபர் படகு பழுது பார்க்கிற இடத்திலிருந்து மிச்சம் மீதியைக் கேட்டு வாங்கி வந்து, அச்சில் அடுக்கடுக்காக ஒட்டி உடம்பைச் செய்தான். அந்தப் பசையின் நெடி ஒரு வாரம் குழம்பில்கூட அடித்தது. பாய்லருக்குத் தடித்த செம்புக் குழாய் ஒரு துண்டு. ஏ.சி. மெக்கானிக் சிநேகிதன் ஒருவன் வந்து கேஸ் வெல்டிங் வைத்து இரண்டு முனைகளையும் மூடிக் கொடுத்தான். எஞ்சினுக்கு வேண்டிய உருளையை ஒரு லேத் பட்டறையில் கடைந்துகொண்டு வந்தான். ரிமோட் ஆன்லைனில் வந்தது. அதில் இரண்டு குச்சிகள். ஒன்று எஞ்சினுக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும், மற்றது சுக்கானைத் திருப்பும். பாய்லருக்கு அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. கரையிலிருந்தபடி எஞ்சினை நிறுத்தலாம், விளக்கை அணைக்க முடியாது. ஸ்பிரிட் தீர்ந்தால் அதுவே அணையும். தண்ணீர் வற்றுவதற்கு முன்னால் ஸ்பிரிட் தீர்ந்துவிடும்படி அளந்துதான் ஊற்றுவான்.

நான் மாடிப்படியில் ஒரு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். பாதிப் படிக்கு மேல் ஏற மாட்டேன். "வெடிச்சா வாளித் தண்ணி இன்னாக்கா பண்ணும்?" என்று சிரிப்பான். அப்போதுதான் பாய்லரின் உச்சியில் இருந்த சின்னப் பித்தளைக் கூம்பைக் காட்டினான். அதுதான் சேஃப்டி வால்வாம். உள்ளே அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால், அதிலுள்ள ஸ்பிரிங் விலகி நீராவியை வெளியே விட்டுவிடுமாம். "புஸ்ஸுன்னு சத்தம் வந்தா பயப்படாத. சத்தம் வர்லன்னாதான் பயப்படணும்" என்றான். முதல் தடவை மாடியில் பற்றவைத்தபோது மூன்று தீக்குச்சிகளை வீணாக்கினான். ஆனால் விலகிப் போகாமல் அங்கேயே நின்றான். புஸ் என்று சத்தம் வந்தது. நான் வாளியைத் தட்டிவிட்டுக் கீழே ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சரி, இனி பெரிய பாய்லருக்குப் போவாயா என்று கேட்டேன். சிரிப்பு அடங்கிவிட்டது. "இது வேற, அது வேறக்கா" என்று சொல்லிவிட்டான். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது.

விஜயதசமி அன்று படகைத் தண்ணீரில் விடுவதாக முடிவாயிற்று. தொடங்குவதற்கு நல்ல நாள் இல்லையா? அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் பக்கத்தில் அன்று சந்தனமும் குங்குமமும் படாத இரும்பைப் பார்க்க முடியாது. கிரேன், லாரி, ஆட்டோ, தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு. என் வீட்டுக்காரர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். எதைச் செய்தாலும் தாராளம்தான். தம்பி தொழிற்சாலை பூஜைக்குப் போயிருந்த நேரம், இவர் தராசு, பைக், மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று வரிசையாகப் பொட்டு வைத்து முடித்துவிட்டு மாடிக்குப் போனார். படகுக்கு முன்னால் நின்று, எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார். உச்சியில் பளபளவென்று பித்தளைக் கூம்பு நின்றது. கோபுரக் கலசம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கிறது. குழைத்த சந்தனத்தைக் கொழகொழவென்று அதன் தலையில் அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தபடி துணியால் துடைத்தான். வெளியே இருந்தது வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அங்கேதான் தொடங்கியது.

காத்திவாக்கத்துக்கு அப்பால் ஆறு அகலமாக விரிந்து கிடக்கிற இடத்துக்கு மூவரும் போனோம். எதிரே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். இடுப்பளவுத் தண்ணீரில் நாலைந்து பெண்கள், ஓலையில் முடைந்த பறிக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி விளக்கைப் பற்றவைத்து, அழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, படகைத் தண்ணீரில் விட்டான். டப் டப் என்று சின்னச் சத்தத்தோடு அது வெள்ளை ஆவி விட்டுக்கொண்டு போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் எனக்குப் பயமே இல்லை. "தோ பாரு, பொக வுட்டுகினு போவுது!" என்று பெண்களில் ஒருத்தி பறியைக் கையில் எடுத்துக்கொண்டு கூவினாள். அவர்களுக்குப் புஸ் சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. குச்சியை இழுத்து எஞ்சினை நிறுத்தினான். எஞ்சின் நின்றால் அழுத்தம் ஏறும், வால்வு திறக்கும், சத்தம் வரும்.

படகு நடுவில் அசையாமல் நின்றது. சத்தம் வரவில்லை. தம்பி காதைச் சாய்த்துக் கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. வரவில்லை. ஓடாத படகைப் பார்த்த அந்தப் பெண்கள், பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுக்கலாமென்று அதை நோக்கித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன், பேயறைந்தது போல இருந்தது. பிறகு அவன் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் வரை சேற்றில் நட்டுவைத்தது போல நின்றிருந்தன. அன்றைக்கு பாய்லர் அறையில் இப்படித்தான் நின்றிருப்பான் என்று நினைத்தேன்.

ஆனால் கட்டைவிரல் அசைந்தது. குச்சியை ஒரே தள்ளாக முழுவதும் தள்ளினான். எஞ்சின் மறுபடி பிடித்துக்கொள்ள, படகு அந்தப் பெண்களின் முன்னாலேயே திரும்பி, ஆள் இல்லாத எதிர்க்கரைப் பக்கமாகப் பாய்ந்தது. "மாமா, அவங்கள வரச் சொல்லு! வால்வு தெறக்கல! ஆவிய ஓட்டித்தான் தீக்கணும்!" என்று கத்தினான். என் வீட்டுக்காரரின் ஏலக் குரல் காசிமேட்டின் மொத்தக் கூச்சலுக்கு மேல் கேட்கிற குரல். "யம்மா! அது வெடிக்கும்! கரைக்கு வாங்க! வாங்கன்றேன்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் பெண்கள் மட்டுமில்லை, கரையிலிருந்த நாய்களும் கொக்குகளும் கலைந்தன.

அதன் பிறகு காத்திருந்ததுதான் கொடுமை. ரொம்பத் தூரம் போனால் ரிமோட்டின் பேச்சைப் படகு கேட்காது, கிட்டே வந்தால் மனிதர்கள். இரண்டுக்கும் நடுவில் அதை வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருந்தான். நின்றால் அழுத்தம் ஏறும். விளக்கு அணைகிறவரை நிறுத்தவே முடியாது. அவன் உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் டப் டப் சத்தம் தளர்ந்து, தளர்ந்து, படகு தானாக நின்றது. ஆறும்வரை விட்டுவிட்டு, கட்டுமரத்தில் வந்த ஒருவர் துடுப்பால் அதைக் கரைக்குத் தள்ளிக் கொடுத்தார்.

தம்பி அந்தக் கூம்பைத் திருகிக் கழற்றினான். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கடையில் விற்கிற சந்தனப் பொடியில் சந்தனம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? சூட்டில் வெந்து, வால்வை அசையவிடாமல் இறுகிப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாமிக்குன்னு வெச்சேன் மச்சான்" என்று சொன்னபோது குரலே எழும்பவில்லை. தம்பி அவர்மேல் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "இப்பவும் கால் நவுரலக்கா" என்றான். "கை நவுந்துதேடா, பாத்தேன்ல" என்றேன். அங்கேயே சேற்றில் குந்தி, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான். அழுதானா சிரித்தானா, தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த திங்கட்கிழமை அவன் பாய்லர் அறைக்குப் போய்விட்டான். யாரும் போகச் சொல்லவில்லை. தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. அவன் திரும்பிப் போக வேண்டும் என்று ஏங்கியவளும் நான்தான். போன நாளிலிருந்து நிம்மதி இல்லாமல் இருப்பவளும் நான்தான். ஷிப்ட் முடிந்து செருப்புச் சத்தம் கேட்கும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் குடும்பத்தாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். தம்பி எங்களை பாய்லர் அறைக்குக் கூட்டிப்போனான். கை வெந்த அந்த உதவியாளர் உள்ளே வேலையில் இருந்தார், எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். தம்பி சந்தனக் கிண்ணத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "கதவுல மட்டும் வெய்யி மாமா. வேற எதுலயும் கைய வெக்காத" என்றான். அவர் திருடன் போல மெதுவாகப் போய், அளவாக ஒரே ஒரு பொட்டு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றிருந்தேன். "உள்ள வாக்கா" என்று தம்பி கூப்பிட்டான். "தோ வரேன்" என்றேன். அனல் முகத்தில் அடித்தது. எங்கேயோ தண்ணீர் கொதிக்கிற சத்தம் தரை வழியாக ஏறி வந்தது. வாசல்படி ஒரு சாண் உயரம்கூட இல்லை. வரேன் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். தம்பி என் முகத்தைப் பார்த்தான், பிறகு குனிந்து என் காலைப் பார்த்தான்.

"நவுரலயா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்லடா."

"பரவால்ல. இங்கயே நிப்போம்" என்று சொல்லி, வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டான்.