சிவப்பில் இருந்த எங்கள் வீடு

சென்ற ஆண்டு எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் காட்டுத் தீ அபாய வரைபடம் ஒட்டினார்கள். குளத்தூர் பக்கம், தைலமரக் காட்டை ஒட்டிய எங்கள் வீடு அதில் சிவப்பில் இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க பொண்ணப் பாக்க வர்றவங்க என்ன நெனப்பாங்க? மஞ்சளா மாத்துங்க" என்று பெண் வனக்காப்பாளரிடம் சண்டை போட்டேன்.

"அத மாத்த முடியாதுக்கா. நீங்க காட்டுப் பக்கம் இருக்குற வைக்கப்போர அங்கிட்டு மாத்துங்க. காட்டோரமா சருகக் கொளுத்தாதீங்க" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. விழுகிற முந்திரிக்கொட்டை கண்ணில் படவேண்டும் என்று வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் உள்ள எங்கள் முந்திரி மரத்தடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவது எங்கள் வழக்கம். பங்குனியில் ஒரு மதியம், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்தினேன். திடீரென்று காற்று திரும்பியது. தைல இலைகளில் தீ பிடித்து, எரியும் பட்டைகள் பறந்துவந்து வைக்கோல் போரில் விழுந்தன. குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? போரடியில் கட்டியிருந்த பசுவின் கயிற்றை என் கணவர் ஓடிவந்து அரிவாளால் அறுத்துவிட்டார். தீயணைப்பு வண்டி வருவதற்குள் போர் சாம்பலாகிவிட்டது. பக்கத்து வீட்டார் மோட்டார் போட்டு ஓட்டுக் கூரையை நனைத்ததால் வீடு தப்பியது.

இப்போது சருகைக் குழியில் போட்டு மக்கவிடுகிறேன். வைக்கோல் போர் வாசல் பக்கம் வந்துவிட்டது. புது வரைபடத்திலும் எங்கள் வீடு சிவப்புதான். நான் சண்டைக்குப் போகவில்லை. போன மாதம் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே சொன்னேன்: "இது செவப்புல இருக்குற வீடுங்க. ஒங்க காரத் தைலமரத்தடியில நிறுத்தாதீங்க."