பீரோவுக்குக் கீழே கேட்ட பாட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். வீடு மாற்றிக் கொடுக்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, பூட்டிக் கிடந்த எத்தனையோ வீடுகளுக்குள் முதல் ஆளாக நுழைந்திருக்கிறேன், எலியைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. நீங்கள் நம்பாவிட்டாலும் வருத்தமில்லை, நம்ப வைக்கிற தெம்பும் இப்போது எனக்கு இல்லை.

இந்த வேலைக்கு என்னைக் கூட்டி வந்தது என் அண்ணன் மூர்த்தி. படியில் பீரோ ஏற்றும்போது மேலே நிற்பவன் வழி பார்த்தால் போதும், பாரம் முழுக்கக் கீழே நிற்பவன் மேல்தான் இறங்கும். அண்ணன் ஒருநாளும் என்னைக் கீழே நிற்க விட்டதில்லை. கீழே அவனே நின்றுகொண்டு, தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடுவான்.

"ஏறு தம்பி ஏறு, திரும்பாம ஏறு, உன் பங்குலயும் பாதி என் தோளுல பாரு."

இரண்டு பேர் காலும் ஒன்றாக விழுவதற்காகப் பாடுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். பாட்டு கேட்கிறவரை அவனுக்கு ஒன்றுமில்லை என்று நானும் திரும்பியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். இதயம் ரொம்ப நாளாகவே பழுது என்றார் டாக்டர். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் இதே வேலை பார்க்கிற பாஷாவோடு சேர்ந்தேன். அவனுக்கு அண்ணனைத் தெரியாது, பாட்டைப் பற்றி நான் சொன்னதுமில்லை. அவன் முதுகு சரியில்லாதவன், அதனால் கீழே நிற்பது நான்.

போன சித்திரையில் மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடி, லிஃப்ட் கிடையாது, மூன்றாவது மாடி. மத்தியானம் மூன்று மணி, இன்னும் சாப்பிடவில்லை. கடைசியாக இரும்பு பீரோ. இரண்டாவது மாடித் திருப்பத்தில் என் முழங்கால் மடங்கியது. பாரம் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது, கத்தக்கூட மூச்சு வரவில்லை. விட்டுவிடலாம் என்றே நினைத்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், பயமில்லை, அவ்வளவு அசதி.

அப்போது எனக்குப் பின்னால் ஒரு படி கீழேயிருந்து அந்தப் பாட்டு வந்தது. அதே குரல். பீரோ லேசானது, முழுக்க இல்லை, பாதி. முழங்கால் தானாக நிமிர்ந்தது. திரும்பாமல் ஏறிவிட்டேன்.

பீரோவை இறக்கியதும் ஓடிவந்து படிக்கட்டைப் பார்த்தேன். யாருமில்லை. பாஷா தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"இன்னா மச்சி, இன்னிக்கு பாட்டெல்லாம் பாடிக்கினு வர்ற?"

"நான் எங்கடா பாடுனேன்? எனக்கு மூச்சே வரல."

"சும்மா இரு. ஏறு தம்பி ஏறுன்னு கேட்டுச்சே. ஆனா நடுவுல ரொம்ப மூச்சு வாங்குது உனக்கு, ஆஸ்பத்திரில போய் காட்டு."

எனக்கும் அது கேட்டது. வார்த்தைக்கு வார்த்தை நின்று, இழுத்து இழுத்து மூச்சுவிட்டுத்தான் அண்ணன் பாடினான். உயிரோடு இருந்தபோது அந்த இளைப்பு என் காதில் விழக்கூடாதென்றுதான் அத்தனை சத்தமாகப் பாடியிருக்கிறான், நான் கீழே நின்ற பிறகு அது புரிகிறது. புரியாதது வேறு. செத்துப்போனவனுக்கு ஏன் இன்னும் மூச்சு வாங்குகிறது?