ஆய்வாளர் பல்கீஸ் பேகம்

போன வாரம் தில்லை நகரில் பல் டாக்டருக்காகக் காத்திருந்தபோது, நூலகம் சனிக்கிழமை திறந்திருக்குமா என்று அதன் இணையதளத்தில் பார்த்தேன். மூலையிலிருந்து ஒரு பெட்டி எழும்பி, "வணக்கம்! நான் உங்கள் நூலகத் தோழி" என்றது. கேட்டேன். "அருமையான கேள்வி!" என்று தொடங்கி வாசிப்பின் பயன்களை ஆறு வரியில் அடுக்கியது. சனிக்கிழமையைப் பற்றி மூச்சு விடவில்லை.

கோதண்டராமன் சார் ஞாபகம் வந்துவிட்டார். உறையூர்ப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் நான் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தபோது அவர்தான் நூலகர். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். எந்தக் கேள்வியையும் அருமை என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் பதில் சொல்லிவிடுவார்.

எங்களுக்கும் ஒருநாள் இன்டர்நெட்டோடு கம்ப்யூட்டர் வந்தது. புது பிளாஸ்டிக் வாசனை போவதற்குள் அதற்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு பட்டுத் துண்டு. பாஸ்வேர்டை ஓர் அட்டையில் எழுதி, புத்தகப் பட்டியல் அட்டைகளோடு 'க' வரிசையில், 'கடவுச்சொல்' என்ற தலைப்பில் முறைப்படி செருகிவைத்தார் சார்.

"எல்லாரும் பாக்கற எடமாச்சே சார்?"

"அத யாரும்மா தேடப்போறா?"

வாஸ்தவம். கடைசிவரை பத்திரமாகவே இருந்தது.

பல்கீஸ் பேகம் வந்தது ஒரு மத்தியானம். கணவர் சவூதியில் டிரைவர். "பிரவுசிங் சென்டர்ல ஒரே பசங்களா இருக்காங்கக்கா. இங்கேருந்து அவங்களுக்கு ஒரு மெயில் அனுப்பித் தருவீங்களா?" என்றாள். இன்டர்நெட் ஆய்வுக்கு மட்டும் என்று மேலிடத்து உத்தரவு சுவரில் தொங்கியது. சார் சாப்பிடப் போயிருந்தார். நான் பட்டுத் துண்டை விலக்கினேன். பதிவேட்டில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் 'ஆய்வு' என்று எழுதி, தலைப்பாக 'வளைகுடாவில் தமிழர் வாழ்வு' என்றும் சேர்த்தேன். பொய் எழுதினாலும் கௌரவமாக எழுத வேண்டுமில்லையா!

அவள் பக்கத்து வீட்டில் சொல்ல, அந்த வீடு அடுத்த வீட்டில் சொல்ல, பெஞ்சு முழுக்க ஆய்வாளர்கள். ஓர் அம்மாள் மகனின் பரீட்சை முடிவை ஆய்ந்தார், இன்னொருவர் மருமகனின் விசாவை. சார் பதிவேட்டைப் புரட்டினார். "நம்ம பேட்டையில இவ்வளவு ஆராய்ச்சியா!" என்றவர், மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

பிறகு தணிக்கைக்கு ஓர் அதிகாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்து அவருக்கு ஒரே பூரிப்பு. "ஆய்வாளர் யாராச்சும் இருக்காங்களா? பாக்கலாமே" என்றார். பெஞ்சில் பல்கீஸ் மட்டும் இருந்தாள். என்னை வேலையில் நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில்தான் கிடந்தது.

"என்னம்மா ஆராய்ச்சி பண்றீங்க?"

பல்கீஸ் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அவங்க எப்ப ஊருக்கு வருவாங்கன்னுதாங்க சார்."

எதற்கும் எழாத கோதண்டராமன் சார் எழுந்து நின்றார். "தலைப்பு கொஞ்சம் பெரிசு சார். முடிய நாளாகும்."

அதிகாரி சிரிப்பை அடக்க, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறிப்பேட்டில் எழுதியது இதுதான்: 'ஆய்வுப் பணிகள் திருப்தி. இன்னொரு கம்ப்யூட்டர் தேவை.' இரண்டாவதும் வந்தது. அதற்குப் பட்டுத் துண்டு கிடைக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த பெருநாளைக்குப் பல்கீஸின் கணவரே பேரீச்சம்பழத்தோடு வந்தார். சார் இரண்டு எடுத்துக்கொண்டார்.

இப்போது அந்த அறைக்கு ஏசி உண்டு, மின்னூலகம் என்று பெயர்ப்பலகை உண்டு, ஆள்தான் இல்லை. ஆளுக்கொரு போன் வந்துவிட்டது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஒன்று மட்டும் போய்விட்டது. பல்கீஸ் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். திடீரென்று நிறுத்தி, "இத அடிக்காதீங்கக்கா" என்பாள். பிள்ளைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பாள். மாமியார் பேசுவதில்லை என்பாள். நான் விரலைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்பேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் நல்லா இருக்கோம்னு போடுங்க" என்பாள்.

இன்று அதையெல்லாம் அவரவரே அடித்து, அவரவரே அழித்துவிடுகிறார்கள்.