பங்காளியின் கன்னத்தில் ஒரு பூ

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தேன். நாட்காட்டித் தாளைக் கிழித்தேன், பால் வாங்கி வைத்தேன், செருப்புகளை வாசலில் ஜோடி சேர்த்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் அன்று ஜன்னல் வேலை. குளியலறைச் சுவரின் உச்சியில், காற்று வர விட்ட திறப்பில், சாய்வாகச் செருகிய கண்ணாடிப் பட்டைகள் உண்டு. அவற்றைக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, கழற்றிய வரிசை மாறாமல் காயவைத்தேன். வெயில் ஏறியதும் திரும்ப மாட்டிவிடுவேன். பல வருடப் பழக்கம். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அன்று மாட்ட முடியவில்லை. அதற்குள் என் மச்சினன் குரங்கோடு வந்து நின்றான்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. அப்பா அம்மா இல்லை. மாரண்டஹள்ளியில் எங்களுக்கு அடுத்த தெருவில் தனியாக இருக்கிறான். கொஞ்சம் தக்காளித் தோட்டம் இருக்கிறது, ஒரு டெம்போ இருக்கிறது. ஓசூர் மார்க்கெட்டுக்கு லோடு அடிப்பான். வயது முப்பத்தெட்டு. விவசாயிக்குப் பெண் கொடுப்பதில்லை என்று சில வீடுகளிலும், டிரைவருக்குக் கொடுப்பதில்லை என்று சில வீடுகளிலும் சொல்லிவிட்டார்கள். அவன் இரண்டுமாக இருந்தான். போதாததற்குக் குரங்கும் வளர்த்தான்.

அது போன வருடம் ஒகேனக்கல் ரோட்டில் கிடைத்தது. தாய்க் குரங்கு வண்டியில் அடிபட்டுக் கிடக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்டியைக் காலித் தக்காளிக் கிரேட்டில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு நாளில் விட்டுவிடுவதாகச் சொன்னான். பிறகு அதற்குப் பங்காளி என்று பெயர் வைத்தான். அது என்ன பெயர் என்று கேட்டேன்.

“தோட்டத்துல பாதிய அதுதானுங்க திங்குது. வேற என்னன்னு கூப்பிடறது, மாமா?”

குரங்கை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு, வனத்துறையில் ஒப்படைத்துவிடு என்று பலமுறை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் ரொம்ப மரியாதையாகத் தலையாட்டுவான். குரங்கும் கூடவே தலையாட்டும்.

சட்டத்தை விட்டுவிட்டு வெறும் பழக்கவழக்கங்களை மட்டும் பார்த்தாலும் அது வீட்டுக்கு ஆகிற பிராணி இல்லை. குழாயைத் திறக்கத் தெரியும், மூடத் தெரியாது. ஒரு தக்காளியை முழுதாகத் தின்னாது. பத்துத் தக்காளியிலும் ஒவ்வொரு கடி வைக்கும். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் தோளில் ஏறிப் பேன் பார்க்கும். என் தலையில் பேன் கிடையாது. இல்லாததை அவ்வளவு அக்கறையாகத் தேடுவது எனக்கு அவமானமாக இருக்கும். ஆனால் பாதியில் தூக்கம் வந்துவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. பெண் போட்டோ பார்த்து, இரண்டு தடவை போனில் பேசி, சரி என்று சொல்லியிருந்தாள். இத்தனை வருடத்தில் வீடு பார்க்கிற வரைக்கும் வந்த சம்பந்தம் இது ஒன்றுதான். இதுவும் போனால் இனிமேல் யாரையும் கேட்கப்போவதில்லை என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தான். குரங்கு இருப்பது தெரிந்தால் நிச்சயம் போய்விடும்.

“சாயந்தரம் வரைக்கும் இங்க இருக்கட்டுங்க மாமா. மாம்பழம் குடுத்தா சத்தமே வராது.”

குளியலறையிலிருந்து சோப்பு, மக், பிரஷ், துண்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். இரண்டு மாம்பழத்தோடு பங்காளியை உள்ளே விட்டு வெளித்தாழ்ப்பாள் போட்டேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தேன். அண்ணாந்து பார்க்கவில்லை.

பத்து மணிக்குப் பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் மச்சினன் வீட்டுக்கு வந்தார்கள். நானும் மனைவியும் அங்கே இருந்தோம். அப்பா பொறுமையாக வீடு பார்க்கிறவர். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினார். சுவரைத் தட்டினார். கூடத்துக் கொக்கியில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். துணி காயப்போட என்றான் மச்சினன். கதவு விளிம்பில் இருந்த பல் தடங்களைத் தடவிப் பார்த்தார்.

“இது என்னங்க?”

“எலிங்க.”

அவர் அந்தத் தடத்தில் தன் விரலை வைத்து அளந்தார். “நல்லா வளந்த எலியாட்டம் இருக்குதுங்களே.”

அந்த அம்மாளுக்கு எலி பற்றிக் கவலை இல்லை. வீடு பிடித்துவிட்டது, இனிப் பூக் கேட்க வேண்டும் என்றார். எங்கள் பக்கம் இது நடப்பதுதான். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் கல்யாணம் பேசலாம். சிவப்பு வந்தால் மோர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். பூக்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனால் மச்சினன் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு உரக்கடைக் காலண்டரைத் தவிர எதுவும் இல்லை. விளக்குக்கு எண்ணெயும் இல்லை.

“உங்க அக்கா வூடு பக்கந்தானே. அங்க வெளக்கேத்திக் கேட்டுருவோம்” என்றார் அந்த அம்மாள்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆனால் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்ததும் எனக்குத் தைரியமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் விளக்கேற்றினோம். பூ எடுக்க அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிவர மனைவி போனாள். பொட்டலம் மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே அளவில் இரண்டு வாழையிலைத் துண்டுகளை நறுக்கி, ஒன்றில் மல்லிகையும் ஒன்றில் சிவப்பு ரோஜா இதழ்களும் வைத்து, ஒரே நூலால் ஒரே மாதிரி கட்டினேன். எனக்கே அடையாளம் தெரியாதபடி மாற்றி மாற்றித் தட்டில் வைத்தேன். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம்.

கண்ணைத் திறந்தபோது தட்டின் முன்னால் பங்காளி உட்கார்ந்திருந்தது. முழங்கை வரை மாம்பழச் சாறு. அப்போதுதான் எனக்கு மொட்டை மாடியில் வரிசை மாறாமல் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடிகள் நினைவுக்கு வந்தன.

அது அவசரப்படவில்லை. இரண்டு பொட்டலத்தையும் பார்த்தது. ஒன்றை எடுத்தது. எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, நூலைக் கடித்து, பூவை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டது. இலையைக் கீழே போட்டது.

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆஞ்சநேயரே வந்து எடுத்துட்டாரு.”

“எடுத்தாரு சரி. எந்தப் பூவ எடுத்தாருன்னு பாத்தியா?” என்றார் பெண்ணின் அப்பா.

யாரும் பார்க்கவில்லை. மீதிப் பொட்டலத்தைப் பிரித்தால் தெரிந்துவிடுமே என்றேன். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தால் கேட்டதே செல்லாது, அதை அப்படியே ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும் என்று அந்த அம்மாள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னொரு நாள் கேட்கலாமா என்றால் அதுவும் முடியாது. ஒருமுறை பூ எடுத்தாகிவிட்டால் அடுத்த வருடம்தான்.

ஆகவே எல்லோரும் உட்கார்ந்து ஒரு குரங்கின் இடது கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பல்வலிக்காரர் போல அது எங்களைத் திரும்பிப் பார்த்தது. வாயைத் திறக்கட்டும் என்று அந்த அம்மாள் வாழைப்பழம் நீட்டினார். அதை வாங்கி வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு அலமாரி மேல் ஏறிவிட்டது. மனைவி இடுப்பில் குழந்தையோடு உள்ளே வந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

பெண்ணின் அப்பா பஸ் நேரத்தை விசாரிக்க ஆரம்பித்தார்.

மச்சினன் சுவரோரம் நின்றிருந்தான். அவன் கூப்பிட்டால் குரங்கு வந்துவிடும், பொய்யும் வெளியே வந்துவிடும். கூப்பிடாவிட்டால் கல்யாணம் அடுத்த வருடம், அதாவது இல்லை. கூப்பிட்டு, பூவும் சிவப்பாக இருந்துவிட்டால் எல்லாமே போச்சு. பெண்ணின் அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

“டேய் பங்காளி. எறங்கி வாடா” என்றான் மச்சினன்.

அலமாரியிலிருந்து ஒரே தாவலில் அவன் தோளுக்கு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. அவன் உள்ளங்கையை நீட்டினான்.

“துப்பு. நல்ல புள்ளையாட்டம் துப்பு.”

முதலில் வாழைப்பழம் வந்தது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு மற்றதையும் துப்பியது. பெண்ணின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நசுங்கி, மாம்பழச் சாறு படிந்திருந்தாலும் மல்லிகைதான்.

“வெள்ளை” என்றார். கண்ணாடியைக் கழற்றினார். “அந்த எலி இதுதானுங்களா?”

“ஆமாங்க. என்னோடதுதானுங்க. பயந்துகிட்டுப் பொய் சொல்லிட்டனுங்க.”

அந்த அம்மாள் ஆஞ்சநேயரை விட்டுக்கொடுக்கவில்லை. சாமி கிடைத்த உருவத்தில் வரும், அதைக் கூடத்தில் கயிறு கட்டி வளர்த்தால் என்ன என்றார். பெண்ணின் அப்பா நெடுநேரம் வாசலைப் பார்த்தார், குரங்கைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார்.

“ஒரு வூட்டுக்கு ஒரு கொரங்கு போதுமுங்க, மாப்பிள்ள. ரெண்டுல எது இருக்கறதுன்னு நாளைக்குள்ள முடிவு பண்ணிச் சொல்லுங்க.”

அது வரை மச்சினனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்றதைக் கேட்ட பிறகுதான் மனைவி வாசலிலிருந்து உள்ளே வந்து காபி போட்டாள்.

அவர்கள் போன பிறகு மச்சினன் எங்கள் கூடத்தில் குரங்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குரங்கு வீட்டுக்கு ஆகாது என்பதற்கு என்னிடம் நிறையக் காரணங்கள் தயாராக இருந்தன. அவன் எதையும் கேட்கவில்லை.

“எனக்கு மட்டும் ஊரு ஊராப் பொண்ணு தேடறோம். அதுக்கும் ஒரு கூட்டம் வேணுமில்லைங்களா, மாமா” என்றான் கடைசியில்.

நான் மாடிக்குப் போய்க் கண்ணாடிகளை எடுத்துவந்து மாட்டினேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, நாட்காட்டித் தாளைக்கூடக் கிழிக்காமல், டெம்போவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வனத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பினேன். பங்காளி என் தோளில் இருந்தது. கிளம்பிய உடனே பேன் தேட ஆரம்பித்தது. போய்ச் சேரும் வரை தேடட்டும் என்று தலையைக் குனிந்துகொடுத்தேன்.